ஒட்டுத் தெரிந்தால் என்ன?



இன்று ஒரு கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தவற்றை மறைத்துக் கருத்தை மட்டும் எழுதினால் அது அறிவுரையாகிவிடும். அறிவுரை கூறும் தகுதி இதில் எனக்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான துணி வடிவமைப்புப் போட்டி ஒன்று நடந்தது. கணினியில் ஒரு சதுரத் தோரணியை வரைந்து அனுப்ப வேண்டும். அந்தச் சதுரத்தை மேலும் கீழும் இடமும் வலமும் அடுக்கிக்கொண்டே போனால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் விதி. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆர்வத்தோடு முன்வந்தாள். செம்பருத்திப் பூவையும், அதைச் சுற்றி நெளிந்தோடும் சிக்குக் கோலக் கோட்டையும் வரைந்தாள். பூவின் இதழ்களுக்கு அவள் தேர்ந்தெடுத்த மங்கிய செங்கல் நிறத்தை நான் நினைத்தே பார்த்திருக்கமாட்டேன்.

ஆனால் சதுரம் சேரவில்லை. வலப்பக்க விளிம்பில் வெளியேறும் கொடி, இடப்பக்க விளிம்பில் உள்ளே வரும்போது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. தனிச் சதுரமாகப் பார்த்தால் எவருக்கும் தெரியாது. அடுக்கிப் பார்த்தவுடன், துணி முழுவதும் படிக்கட்டுப்போல் ஒரு பிசிறு ஓடியது. அனுப்ப வேண்டிய நாளோ மறுநாள். அன்றிரவு வீட்டில் அமர்ந்து, அவளுடைய கோப்பைத் திறந்து, கொடியை நகர்த்தி, இரண்டு பூக்களை இடம் மாற்றி, விளிம்புகளைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவளுக்கு உதவி செய்ததாகவே அப்பொழுது எண்ணினேன்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. சபைகூடலில் தலைமையாசிரியர் சான்றிதழ் வழங்கினார். எல்லோரும் கைதட்டினோம். அறிக்கை அட்டை வாங்க வந்த நாளில் அவளுடைய தாயார் என்னிடம், "சர்ட்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டலாம்னு கேட்டேன் டீச்சர், வேண்டாங்கிறா. அது டீச்சர் செஞ்சதும்மாங்கிறா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அரை மில்லிமீட்டருக்காக அந்தத் தோரணியை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதன் பிறகு இந்தப் பாடத்தை நான் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். என் கருத்து இதுதான்: மாணவர் வரையும் தோரணியில் ஒட்டுத் தெரிந்தால் தெரியட்டும். அந்த ஒட்டை ஆசிரியர் மறைக்கக்கூடாது, பெற்றோர் மறைக்கக்கூடாது, தொடக்கத்தில் மென்பொருளும் மறைக்கக்கூடாது. ஒட்டு எதனால் வந்தது என்று மாணவர் தாமே தேடிக் காணும் அந்த நேரமே பாடம். மற்றவை எல்லாம் சுட்டியைச் சொடுக்கும் பழக்கம்.

இனி, காரணத்தைச் சொல்கிறேன்.

நம் கலைக்கல்விப் பாடத்திட்டத்தில் படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவமைத்தலும் கட்டுதலும், பாரம்பரியக் கைவினை என நான்கு பகுதிகள் இருப்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். கணிதப் பாடத்தில் எண் தோரணி என்கிறோம். கலைப்பாடத்தில் பூத் தோரணி என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தான், ஒரே கருத்துந்தான் என்று எத்தனை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்? நான் பல ஆண்டுகள் சொன்னதில்லை. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் குத்தச் சொல்வேன். தாள் நிறைந்தவுடன் பாடம் முடிந்துவிடும்.

கணினிக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. விழா அழைப்பிதழா, மேடைப் பின்னணியா, தீபாவளி வாழ்த்தட்டையா, உடனே இணையத்தில் ஒரு பின்னணிப் படத்தைத் தேடிப் பதிவிறக்கம் செய்துவிடுகிறோம். பத்தடி நீளப் பதாகையில் அதை அச்சிட்ட பின்னர்தான், படம் மங்கலாக இருப்பதும் உரிமையாளரின் மெல்லிய நீர்க்குறி பூக்களுக்கிடையே தெரிவதும் கண்ணில் படும். (இதுவும் என் சொந்த அனுபவமே. அந்தப் பதாகை இன்னும் பள்ளிச் சேமிப்பறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.)

வெக்டர் வரைகலை மென்பொருளின் பயன் இங்கேதான். ஒளிப்படம் போன்ற கோப்பு படப்புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகி மங்கும். வெக்டர் கோப்பில் கோடு இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே முடிகிறது என்ற கணக்குத்தான் இருக்கிறது. கைக்குட்டை அளவில் அச்சிட்டாலும் மண்டபத் திரை அளவில் அச்சிட்டாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். பள்ளிக் கணினிக் கூடத்தில் நிறுவலாம்; மாணவர் வீட்டுக் கணினியிலும் நிறுவலாம்; யாருக்கும் ஒரு வெள்ளிகூடச் செலுத்த வேண்டாம்.

ஆனால் நான் இப்பொழுதெல்லாம் முதல் வகுப்பில் கணினியைத் திறப்பதில்லை. தாளும் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் போதும். சதுரத் தாள் ஒன்றை எடுத்து, விளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் ஒரு படம் வரையச் சொல்கிறேன். பூவோ மீனோ எதுவாயினும் சரி. பிறகு தாளை நெடுக்காக நடுவில் வெட்டி, இடத்துண்டை வலப்பக்கமும் வலத்துண்டை இடப்பக்கமும் மாற்றி, பின்புறம் நாடாவால் ஒட்ட வேண்டும். அடுத்து, குறுக்காக நடுவில் வெட்டி, மேலுள்ளதைக் கீழும் கீழுள்ளதை மேலும் மாற்றி ஒட்ட வேண்டும். இப்பொழுது முன்பு வரைந்த படம் நான்காகப் பிரிந்து நான்கு மூலைகளுக்குப் போய்விட்டது, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில், வெளிவிளிம்பைத் தொடாமல், இன்னொரு படத்தை வரைந்து நிரப்பினால் சதுரம் முடிந்தது. எட்டுப் பத்து நகல் எடுத்து அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் எழும் ஓசையை நீங்களே கேட்பீர்கள். பிரிந்துபோன மீன், பக்கத்துத் தாளோடு சேர்ந்து முழு மீனாகிவிடும்!

(வெட்டுவதற்கு முன் நான்கு கால்பகுதிகளின் பின்புறத்திலும் 1, 2, 3, 4 என்று எண்ணிடச் சொல்ல மறவாதீர்கள். மறந்தால் பாதி வகுப்பு அழும்.)

ஒரு விளிம்பைக் கடந்து வெளியே போவது எதிர்விளிம்பில் அதே உயரத்தில் உள்ளே வரவேண்டும் என்ற ஒரே விதி, கையால் செய்யும்போது மாணவருக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. அதன் பிறகுதான் கணினி.

இங்க்ஸ்கேப்பில் 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரைகிறோம். இடப்பக்க விளிம்பின்மேல் பாதி உள்ளே பாதி வெளியே இருக்குமாறு ஒரு பூவை வைக்கிறோம். அதை ‘டூப்ளிகேட்’ கட்டளையால் படியெடுத்து, சுட்டியால் இழுக்காமல், ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பெட்டியைத் திறந்து, கிடைமட்டமாக 100 மில்லிமீட்டர் நகர்த்து என்று எண்ணாகவே கொடுக்கிறோம். மேல்விளிம்பைக் கடக்கும் இலைக்குச் செங்குத்தாக 100. மூலையில் அமரும் பூவுக்கு நான்கு மூலைகளிலும் நான்கு படிகள். எல்லாம் அமைந்த பிறகு சதுரத்தை மேலே வைத்து ‘கிளிப்’ செய்தால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை மறைந்துவிடும். செய்முறை இவ்வளவுதான்.

ஏன் சுட்டியால் இழுக்கக்கூடாது? இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை. இழுத்துப் பார்க்க விடுகிறேன். கண்ணளவில் சரியாக வைத்துவிட்டதாக அவர்கள் நம்புவார்கள். அடுக்கியவுடன் கோடு தெரியும். நம் கண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு: ஒரே ஒரு இடத்தில் இருக்கும் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். அதே பிசகு ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் விடாது, அதைக் கோடாகச் சேர்த்துப் படித்துவிடும். என் மாணவியின் அரை மில்லிமீட்டர் தோற்றது இதனால்தான். இதை வாயால் சொன்னால் மறுநாள் மறந்துவிடுவார்கள். தம் துணியில் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அதற்கடுத்த பொறி இன்னும் நுட்பமானது. ஆசிரியர்கள் பலரும் விழுவது. சதுரத்துக்கு ஓரக்கோடு இருக்கக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் ஓரக்கோடு இருந்தால் அதில் பாதி சதுரத்துக்கு வெளியே நிற்கும்; இரு பக்கமும் சேர்த்தால் மென்பொருள் அந்தச் சதுரத்தை 101 மில்லிமீட்டராகக் கணக்கிடும். நூறு நூறாக நகர்த்திய பூக்களும் நூற்றொன்றாக அடுக்கிய சதுரங்களும் எப்படிச் சேரும்? ஓரக்கோட்டை நீக்கிவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்னரும் சில வேளைகளில், அடுக்கிய சதுரங்களுக்கிடையே மயிரிழைபோல் வெளிறிய கோடு தோன்றும். மாணவர் மனமுடைந்து போவார்கள். இது அவர்கள் பிழையன்று. 100 மில்லிமீட்டர் சதுரத்தை அங்குலத்துக்கு 96 படப்புள்ளி என்ற வழக்கமான அளவில் ஏற்றுமதி செய்தால் 377.95 படப்புள்ளிகள் வரும். முழு எண் இல்லை. கடைசிப் படப்புள்ளி முழுதாக நிரம்பாமல் சற்றே ஒளிபுகுவதாகிவிடுகிறது. 254 என்று அளவை மாற்றினால் சரியாக 1000 படப்புள்ளிகள், கோடு மறைந்துவிடும். நான்காம் ஆண்டில் தசமம் படிக்கும் மாணவனுக்கு, தசமம் எதற்கு என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்பொழுது, நான் மாணவரிடமிருந்து மறைத்து வைக்கும் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘எடிட்’ பட்டியலில், ‘குளோன்’ என்பதன் கீழ், ‘கிரியேட் டைல்ட் குளோன்ஸ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ஒரு பூவைக் கொடுத்தால் போதும். அதுவே நகர்த்தி, சுழற்றி, கண்ணாடிபோல் திருப்பி, நொடிப்பொழுதில் துணி முழுவதையும் நிரப்பிவிடும். அந்தப் பெட்டியின் முதல் பட்டியலில் பதினேழு வகைகள் இருக்கும். ஏன் பதினேழு? தளத்தில் இரு திசைகளிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் தோரணிகளைச் சமச்சீர் அடிப்படையில் வகைப்படுத்தினால் பதினேழே வகைகள்தாம் உண்டு, பதினெட்டாவது இல்லை. இதை ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபியோதரோவ் 1891இல் நிறுவினார். 1924இல் கணித அறிஞர் போல்யா தனியே அதே முடிவுக்கு வந்து, ஒவ்வொரு வகைக்கும் படம் போட்டுக் காட்டினார். ஸ்பெயின் நாட்டின் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களைப் பார்த்து மயங்கிய டச்சு ஓவியர் எஷர், பின்னர் படித்துப் பயன்பெற்றது போல்யாவின் அந்தக் கட்டுரையைத்தான். கோட்பாட்டைப் புரிந்துகொள்ளும் கணிதப் பயிற்சி எஷருக்கு இல்லை. படங்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டார். நம் மாணவர்களும் அப்படித்தானே?

அவ்வளவு அரிய கருவியை ஏன் மறைக்கிறேன் என்று கேட்பீர்கள். வாய்ப்பாடு தெரியாத குழந்தையிடம் கணிப்பானைக் கொடுப்பதில்லை அல்லவா? நான்கு வாரங்கள் எண் கொடுத்து நகர்த்திப் பழகிய பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். அப்பொழுது ஒரு மாணவன், "இது நாம செஞ்சதத்தான டீச்சர் செய்யுது" என்றான். பொத்தான் என்ன செய்கிறது என்று தெரிந்தவன் சொல்லும் சொல் அது. முதல் நாளே காட்டியிருந்தால் "அழகா இருக்கு" என்பதோடு முடிந்திருக்கும்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பதற்கு வருகிறேன். கோலத்தைத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் இன்று குழந்தைகளுக்குக் கோலம் என்றால் பேரங்காடியில் தீபாவளிக்கு வண்ண அரிசியால் நிரப்பும் மயில்தான். வீட்டு வாசலில் ஒட்டும் கோலம் கடையில் கிடைக்கிறது. குறை சொல்லவில்லை, அடுக்குமாடி வீட்டில் வாசல் ஏது? ஆயினும் புள்ளிக் கோலத்தில் இருக்கும் கணக்கு அந்த மயிலில் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் அரிசிமாவில் போட்டதைப் படங்களுக்கான இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோலம் முழுவதும் துணித் தோரணி ஆகிவிடாது. கோலத்துக்கு நடுவும் எல்லையும் உண்டு. 7 புள்ளியில் தொடங்கி 4 வரை குறையும் ஊடுபுள்ளிக் கோலம் 37 புள்ளிகளோடு நின்றுவிடும். துணிக்கோ நடுவும் இல்லை, எல்லையும் இல்லை. அதனால் கோலத்தை அப்படியே படமெடுத்துச் சதுரமாக வெட்டி அடுக்கினால் கோலங்கள் வரிசையாக நிற்கும், தோரணி வராது. எடுத்துக்கொள்ள வேண்டியது கோலத்தின் ஓர் அலகை மட்டுமே.

இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் பாட்டி. ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அவரை அழைத்திருந்தோம். கணினிக் கூடத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டு வந்து, வெண்பலகையில் எழுதுகோலால் புள்ளி வைத்து, ஒரே இழுப்பில் சிக்குக் கோலம் போட்டுக் காட்டினார். பிறகு மாணவர் திரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு திரைமுன் நின்று, "மூலையில போய் இடிக்குது பாரு. ரெண்டு புள்ளிக்கும் நட்ட நடுவுல கடக்கணும் கண்ணு" என்றார். அந்த மாணவன் புள்ளியைச் சுற்றிய சதுரத்தின் மூலை வழியாகக் கோட்டை வெளியே விட்டிருந்தான். பாட்டி சொன்னதைக் கணக்காகச் சொன்னால் இப்படி: புள்ளியை நடுவாக வைத்து ஒரு சதுரம் போட்டுக்கொள்ளுங்கள். கோடு அந்தச் சதுரத்தின் பக்கத்தைக் கடக்கும்போது சரியாகப் பக்கத்தின் நடுப்புள்ளியில், 45 பாகைச் சாய்வில் கடக்க வேண்டும். எல்லாச் சதுரங்களிலும் அப்படியே இருந்தால், கோடு கடக்கும் பக்கத்தை அதுபோன்ற எந்தப் பக்கத்தோடு சேர்த்தாலும் கோடு உடையாமல் ஓடும். நான் 100 மில்லிமீட்டர் என்று எண் கொடுத்துச் சாதித்ததை, அவர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ற அளவால் சாதித்துவிட்டார்.

ஊடுபுள்ளியைப் பற்றியும் ஒரு சொல். நேர்வரிசையில் அடுக்கிய துணித் தோரணியில் பூக்களுக்கிடையே நீண்ட வெற்றுச் சந்துகள் தெரியும். அதைத் தவிர்க்க, துணி வடிவமைப்பாளர்கள் ஒன்றுவிட்டு ஒரு நிரலைப் பாதி உயரம் கீழே இறக்கி அடுக்குவார்கள். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்த குழந்தைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கோலத்தோடு நின்றுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கிளந்தான், திரங்கானு பக்கம் அச்சுப் பாத்தேக் செய்யும் கைவினைஞர்கள் உலோகத் தகட்டுப் பட்டைகளை வளைத்து அச்சு செய்கிறார்கள். உருகிய மெழுகில் அதைத் தோய்த்துத் துணியில் குத்திக் குத்தி நகர்வார்கள். அடுத்தடுத்த குத்துகள் விளிம்போடு விளிம்பு சேர வேண்டும். அந்த அச்சைச் செய்தவர் தீர்த்த கணக்கும் நம் மாணவர் தீர்க்கும் கணக்கும் ஒன்றே. சாரோங்கின் தலைப்பகுதியில் வரும் மூங்கில் குருத்து, அதாவது பூச்சோக் ரெபோங், முக்கோணத்தை அடிப்படையாகக் கொண்டதால் தொடக்க நிலைக்கு மிகவும் ஏற்றது. பாரம்பரியக் கைவினைப் பகுதியையும் தோரணிப் பகுதியையும் ஒரே பாடமாக நடத்தலாம், நேரமும் மிச்சம்.

நேரம் என்றவுடன் ஆசிரிய நண்பர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. கலைக்கல்விக்குக் கிடைப்பதே சிறு நேரம். அதிலும் பாதியை வேறு பாடம் எடுத்துக்கொள்ளும். உண்மை. நானும் சனிக்கிழமைப் புறப்பாட வேளையில்தான் நடத்துகிறேன். கணினிகள் பழையவை, ஐந்தில் ஒன்று எழுந்திருக்காது. இருவருக்கு ஒரு கணினி. ஒருவர் வரைய, மற்றவர் எண்களைச் சரிபார்க்க, அதுவே நன்றாக அமைந்துவிட்டது.

பெற்றோர் சிலர் கேட்பது வேறு. "பூப்படம் போட்டா எந்தத் தேர்வுல மதிப்பெண் வரும் டீச்சர்?" யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இருந்தும் அந்தக் கேள்வி அகலவில்லை. அவர்களிடம் நான் வாதிடுவதில்லை. தசமம், சமச்சீர், கோணம், அளவு மாற்றம் நான்கும் உங்கள் பிள்ளை வரைந்த துணியில் எங்கெங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டுகிறேன்.

அண்மைக் காலத்தில் வந்திருக்கும் கேள்விக்கு விடை கூறுவது சற்றுக் கடினம். செயற்கை நுண்ணறிவிடம் ‘செம்பருத்திப் பூத் தோரணி கொடு’ என்று கேட்டால் சில நொடியில் தந்துவிடுகிறதே, இனி இதையெல்லாம் குழந்தை ஏன் கற்க வேண்டும் என்கிறார்கள். இளம் ஆசிரியர்களே கேட்கிறார்கள். அழைப்பிதழ் அச்சிட வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குவேன். ஆனால் அன்று அந்த மாணவிக்கு நான் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் ஓர் இரவு எடுத்துக்கொண்டேன், அது சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் இரண்டிலும் அலமாரிக்குள்தான் போகும்.

போட்டி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். முடிவான சதுரத்தை மட்டும் கேட்காதீர்கள். முதலில் சேராமல் போன சதுரத்தையும், தாளில் வெட்டி ஒட்டியதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வெக்டர் கோப்பையே கேளுங்கள். அதைத் திறந்தால் பூக்கள் எந்த எண்ணில் நகர்ந்தன என்பது தெரியும். ஆசிரியர் கைவண்ணம் எது, மாணவர் கைவண்ணம் எது என்பதும் பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். என் கையும் அன்று பிடிபட்டிருக்கும். பிடிபட்டிருக்க வேண்டும்.

கடந்த ஆண்டு, மாணவர்கள் தங்கள் தோரணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, துணியில் அச்சிட்டுக் கணினிக் கூடத்துச் சன்னலுக்குத் திரைச்சீலையாக மாட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது. வென்றது ‘ழ’ எழுத்தைச் சுழற்றிச் சுழற்றி அமைத்த தோரணி. எழுத்தை முதலில் வடிவப் பாதையாக மாற்றிக்கொண்டதால் அச்சகத்தில் எழுத்துரு இல்லையே என்ற தொல்லை எழவில்லை. ஆனால் அதன் கீழ்விளிம்பில் ஒரு சுழி சற்றே விலகியிருந்தது. அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் நான் கவனித்துவிட்டேன். கோப்பு என் கணினியில் திறந்தே இருந்தது. கை பரபரத்தது. மூடிவிட்டேன்.

திரைச்சீலை வந்து மாட்டிய அன்று, அதை வரைந்த இருவரும் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தார்கள். "டீச்சர், இங்க சேரல!" என்று ஒருவன் கத்தினான். மற்றவன் உடனே இறங்கிக் கணினியைத் திறந்து, எந்தப் படியில் எண்ணைத் தவறாகக் கொடுத்தோம் என்று தேடத் தொடங்கினான். 100க்குப் பதிலாக 99 கொடுத்திருந்தார்கள். திரைச்சீலை அப்படியேதான் தொங்குகிறது. வருவோரிடமெல்லாம் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, அது எப்படி நேர்ந்தது என்று அவர்களே விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.